நாலு நாள் தூரத்துப் பாட்டு

கரியப்பனின் குரல் 1953ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், பண்டேகுறுக்கி மலையின் கிழக்குப் பாறைக்குள்ளிருந்து வந்தது. கரியப்பன் அப்போது அங்கிருந்து முப்பது மைல் தள்ளி, மைசூர் ராஜ்யத்தில், கோலார் தங்கவயலில், பூமிக்கு அடியில் ஏழாயிரம் அடி ஆழத்தில் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தான். கிழக்குப் பாறைமேல் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முப்பத்திரண்டு பேரும் அந்தக் குரலைக் கேட்டார்கள். முதலில் பாறைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது என்று நினைத்தார்கள். பிறகு, தண்ணீர் இவ்வளவு மோசமாகப் பாடாது என்று தோன்றியது. கரியப்பனின் மனைவி நஞ்சம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பாறையில் காதை அழுத்திக் கொஞ்ச நேரம் கேட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க ஊட்டுக்காரருதான்," என்றாள். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதிரிப் பாடுவதற்கு ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் வேறு ஆள் கிடையாது.

பண்டேகுறுக்கி பேரிகைக்குப் போகும் பாதையில் இருக்கும் சின்ன ஊர். ஏரிப்பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பங்கள், மலையடியில் கல் உடைக்கும் குடும்பங்கள், நடுவில் ராமர் பஜனைக் கோயில். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, சண்டை என்று வந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும். சுற்றுவட்டாரத்துக் கோயில் தூண்களும் ஆட்டுக்கற்களும் எல்லைக்கற்களும் அந்த மலையிலிருந்து போனவைதான். மலையில் வேலை குறையும்போது ஆண்கள் கோலாருக்குப் போவார்கள். அங்கேயும் கல்தான், தங்கம் கம்பெனிக்காரன் கண்ணுக்கு மட்டும் தெரியும் என்று திரும்பி வந்தவர்கள் சொல்வார்கள். கல் வேலை பாட்டில்லாமல் நடக்காது. நஞ்சம்மாதான் பாட்டை எடுத்துக் கொடுப்பவள். அவள் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும், சுருதி இம்மியும் விலகாது. அவள் தொடங்கினால் முப்பது சுத்தியலும் ஒரே சுத்தியலாக விழும். கரியப்பனுக்குப் பாட்டின் மீது அவளைவிட ஆசை அதிகம். ஆனால் அவன் சுரம் எங்கே விழ வேண்டுமோ அதற்கு ஒரு மயிரிழை கீழே விழுந்தது. எந்தப் பாட்டானாலும், எந்த நாளானாலும், அதே ஒரு மயிரிழை. அதில் ஒரு ஒழுங்கு இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

1946ஆம் வருஷம் ராமநவமிக்குக் கோவிந்தப்பன் பெங்களூரிலிருந்து புது ஆர்மோனியம் வாங்கிவந்தார். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர், பஜனைக் கோஷ்டிக்குத் தலைவர், சுருதி விலகினால் தனக்குச் சோறு செரிக்காது என்று சொல்லிக்கொள்பவர். மலையடிக் குடும்பங்கள் வழக்கம்போலப் பஜனைக் கோயில் சுவருக்கு வெளியே நின்று கேட்டார்கள். உள்ளே வரக்கூடாது என்று விதி இருந்தது. வெளியே நின்று பாடக்கூடாது என்று யாரும் விதி போடாததால் கரியப்பன் பாடினான். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, நெஞ்சிலிருந்து பாடினான். உள்ளே கோஷ்டியில் ஒவ்வொருவராகச் சுருதி நழுவி, கடைசியில் எல்லாருமே தடுமாறி நின்றுபோனார்கள். கோவிந்தப்பன் ஆர்மோனியத்தை மூடிவிட்டு ஜன்னலுக்கு வந்து, "யார்ரா அது, சுவத்துக்குப் பின்னால கழுதைய கட்டுனது?" என்று கேட்டார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள், வெளியே நின்றவர்களும் சிரித்தார்கள். நஞ்சம்மாவும் சிரித்தாள். அவள் சிரிப்பும் அவள் பாட்டைப் போலவே மூன்று வயல் தாண்டிக் கேட்கும். கரியப்பன் கோவிந்தப்பனைப் பார்க்கவில்லை, மற்றவர்களையும் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்தான். மறுநாள் காலை ஒரு வேட்டியையும் கம்பளியையும் சுருட்டிக்கொண்டு மாலூருக்கு நடந்துபோய் ரயிலேறிவிட்டான். சுரங்கத்தில் ஆள் எடுக்கிறவரிடம், இருப்பதிலேயே ஆழமான இடம் எது என்று கேட்டு வாங்கிக்கொண்டானாம். அவ்வளவு அடியில் பாடினால் மேலே இருக்கிற ஒருவருக்கும் கேட்காது என்பது அவன் நினைப்பு.

ஏழு வருஷம் கடுதாசி இல்லை. உயிரோடு இருக்கிறான், நன்றாக இருக்கிறான், பாடிக்கொண்டே இருக்கிறான் என்று கோலாரிலிருந்து லீவில் வருகிறவர்கள் சொல்வார்கள். மூன்றாவதைச் சொல்லும்போது அவர்கள் முகம் கொஞ்சம் வாடும். 1953 மாசியில் அவனை ஒரு புது மட்டத்துக்கு இறக்கினார்கள். அங்கே இருந்த பாறையும் பண்டேகுறுக்கி மலையும் அடியில் ஒரே கல் என்பது யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவன் பாட்டு ஊர் வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டு ஒன்றும் சாமி பாட்டு இல்லை.

"ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்,
நீ எதுக்குடி சிரிச்ச?"

இதையே பாறை தினமும் வெயில் ஏறும் நேரத்தில் தொடங்கி, கஞ்சி குடிக்கும் நேரம்வரை பாடியது. சுரங்கத்துக்கு விடுமுறை என்பதால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் பாடவில்லை. நஞ்சம்மா முதல் வாரம் தலை நிமிரவில்லை. தன் குடும்பச் சண்டையைத் தானே உட்கார்ந்து வேலை செய்கிற பாறை ஊருக்குச் சொல்வது எந்தப் பெண்ணுக்கும் கஷ்டம்தான். இரண்டாவது வாரம் அவளுக்குக் கோபம் வந்தது. பாறையில் வாயை வைத்து, "ஏழு வருசம் கழிச்சி இதான் கேக்கத் தோணுச்சா? ஊட்டுக்கு வந்து கேளு!" என்று கத்தினாள். பதில் இல்லை. தினமும் கத்திப் பார்த்தாள். கல் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. சரி, பாட்டாகவே சொல்வோம் என்று, நல்ல குரலில், சுத்தமான சுருதியில் பாடினாள். முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். அதையும் கல் எடுத்துக்கொள்ளவில்லை.

பங்குனியில் மாரம்மாவுக்குச் சளி பிடித்தது. மாரம்மா கரியப்பனின் அக்கா. தொண்டை கட்டியிருந்ததால் அவள் குரல் மற்றவர்கள் குரலைவிட ஒரு மயிரிழை இறங்கி வந்தது. அந்த நிமிஷம் அவளுக்கு அடியில் பாறை கொசு மாதிரி ரீங்காரமிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மாரம்மா மட்டும் எழவில்லை. இன்னொரு முறை பாடினாள், பாறை இன்னொரு முறை ரீங்காரமிட்டது. "ஏம்மே நஞ்சி, இதுக்குப் புடிச்ச சுருதி எங்க தம்பி சுருதிதான்மே!" என்றாள். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கரியப்பன் இந்தப் பாறை நிழலில் வளர்ந்தவன். மலையின் சுருதியைத்தான் அவன் பிடித்திருந்தான். ஊரில் மற்ற எல்லாரும் வேறு எதையோ பிடித்திருந்தார்கள்.

தப்பாகப் பாடுவதைக் கற்றுக்கொள்ள நஞ்சம்மாவுக்கு ஒன்பது நாள் பிடித்தது. மற்றப் பெண்கள் இரண்டே நாளில் கெட்டுப்போனார்கள். இவளுக்கு மட்டும் குரல் தானாகச் சரியான இடத்துக்கு ஏறி ஏறிப் போனது. "எனுக்கு வரலியே யக்கா," என்று அழாத குறையாகச் சொன்னாள். "அவன் பாட்ட நீ ஒரு நாளாச்சும் காது குடுத்து கேட்டிருந்தா வந்திருக்கும்," என்றாள் மாரம்மா. அடுத்த நாள் நஞ்சம்மா வேலையை விட்டுவிட்டுக் கரியப்பனின் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவனோடு சேர்ந்து வாய்க்குள் முணுமுணுத்தாள். மாலையில் அவள் குரல் இறங்கியது. மறுநாள் முப்பத்திரண்டு பேரும் சுத்தியலைத் தாளத்துக்குப் போட்டு, தங்கள் பேரையும் ஊர்ப்பேரையும் பாடினார்கள். பாட்டு கல்லுக்குள் இறங்கிப் போவது உள்ளங்காலில் தெரிந்தது.

கல் அவசரப்படுகிற ஜாதி இல்லை. முப்பது மைல் போக நாலு நாள் எடுத்துக்கொண்டது. நாலாம் நாள் கோலாரில், ஏழாயிரம் அடி ஆழத்தில், சுவருக்குள்ளிருந்து பெண்கள் கூட்டமாகப் பாடும் சத்தம் வந்தபோது, பாறை வெடிக்கப்போகிறது என்று மற்றவர்கள் மேலே போகும் கூண்டுக்கு ஓடினார்கள். கரியப்பன் ஓடவில்லை. சுருதி அவ்வளவு சரியாக இருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மற்றவர்கள் ஒழுங்காகப் பாடுவதைக் கேட்டு அவன் கண் கலங்கினான் என்று கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அவன் "யாரு யாரு யாரு" என்று ஒரு ராகத்தில் கேட்டான். அது வந்து சேர நாலு நாள். "நஞ்சி நஞ்சி நஞ்சி" என்று இவர்கள் சொன்னது போய்ச் சேர நாலு நாள். பிறகு ஒரு வாரம் பாறை சும்மா இருந்தது. அதன் பிறகு பழைய பாட்டே வந்தது. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், நீ எதுக்குடி சிரிச்ச?

அந்த வருஷம் மழைக்காலத்துக்குள் மலையில் இதெல்லாம் சாதாரணமாகிவிட்டது. பண்டேகுறுக்கியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பதினோரு பேர் கோலாரில் இருந்தார்கள். அவர்களும் கரியப்பனிடம் தப்பாகப் பாடக் கற்றுக்கொண்டார்கள். எருமை கன்று போட்டதா என்று கீழேயிருந்து கூட்டமாகக் கேட்டால், போட்டது, கிடேரி, நெற்றியில் வெள்ளை என்று மேலேயிருந்து நாற்பது பேர் தாளத்தோடு பதில் சொன்னார்கள். ஒரு ஆள் குரலைக் கல் எடுத்துச் சொல்வது கரியப்பன் ஒருவனுக்குத்தான் நடந்தது. மற்றவர்களுக்குக் கூட்டம் வேண்டும். அதனால் ரகசியம் என்று ஒன்று ஊரில் இல்லாமல் போனது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டு அனுப்பினால், சம்மதமில்லாத பையன்கள் பதிலைச் சுத்தமான சுருதியில் பாடிவிட்டு, சொல்லி அனுப்பினேன், கல்தான் எடுக்கவில்லை என்று பிறகு சத்தியம் செய்தார்கள். தபால்காரன் திம்மராயன் மட்டும் மனம் நொந்துபோய், முத்திரை ஒட்டாமல் சேதி அனுப்புவது சரியா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டான். தாளில் இல்லாததற்கு முத்திரை வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவனும் சாயங்காலம் வந்து பாறையில் உட்கார்ந்து பாடினான்.

ஏரிப்பக்கத்திலிருந்து முதலில் மலையேறி வந்தவர் கோவிந்தப்பனின் மனைவி சரோஜம்மாள். அவருடைய தம்பி கோலார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தான், மூன்று மாதமாகச் சேதி இல்லை. பாறையில் இடம் விட்டு உட்காரத்தான் நினைத்தார். ஆனால் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் பாட்டு கல்லுக்குள் இறங்கவில்லை. தோளோடு தோள் இடித்தால்தான் இறங்கியது. மாரம்மாவுக்கும் நஞ்சம்மாவுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்து பாடிவிட்டுப் போனார். எட்டாம் நாள் தம்பி சுகம் என்று பாட்டு வந்தது. அதன் பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. வீட்டில் அடுப்படியில் முணுமுணுக்கும்போதும் அவர் குரல் ஒரு மயிரிழை இறங்கியே வந்தது. கோவிந்தப்பனுக்குச் சோறு செரிக்கவில்லை.

இது முழுக்க ஏமாற்று என்று நிரூபிக்க அவர் ஆர்மோனியத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மலைக்கு வந்தார். பாறை பாடும்போது கட்டை கட்டையாக அழுத்திப் பார்த்தார். மலையின் சுரம் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில், கட்டையே இல்லாத இடத்தில் நின்றது. மூன்று நாள் வந்து பார்த்தார். அது அங்கேதான் நின்றது, இம்மியும் அசையாமல், அவர் வாழ்க்கையில் கேட்ட எந்தப் பாகவதரையும்விட உறுதியாக. நாலாம் நாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஆர்மோனியத்தைத் திறந்து, உள்ளே இருந்த பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாக அரத்தால் ராவினார். பெங்களூரிலிருந்து வந்த சாமானை ஏன் பாழாக்குகிறீர்கள் என்று சரோஜம்மாள் கேட்டதற்கு, "பாழாகல. சரி பண்றேன்," என்று மட்டும் சொன்னார். ஆனால் மலைக்குப் போகவில்லை. கழுதை என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது.

1954 சித்திரையில் ராமப்பன் வந்தான். ஓசூரில் இரண்டு லாரி வைத்திருந்த காண்ட்ராக்டர். கிருஷ்ணகிரிப் பக்கம் அணை கட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது, நல்ல கல்லுக்குத் தேவை இருந்தது. தட்டினால் கணீரென்று கேட்கும் கல்லில் விரிசல் இருக்காது என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். தட்டாமலே பாடுகிற கல்லைப் பற்றி ராமப்பன் கேள்விப்பட்டு, நேரே கிழக்குப் பாறைக்கு வந்து சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டான். ஆறு பேரை வைத்து ஆழமாகத் துளைகள் போட்டு முடித்தான். நஞ்சம்மா போய் அவன் முன்னால் நின்றாள்.

"இதுல எங்க ஊட்டுக்காரரு பேசிக்கினு இருக்கறாருங்க."

ராமப்பன் துளைகளைப் பார்த்தான். "உள்ளயா இருக்கறாரு?"

"இல்லீங்க. கோலார்ல இருக்கறாரு."

"அப்ப அவுருக்கு அடி படாது. நீ பயப்படாதம்மா."

அவன் கெட்டவன் இல்லை. அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, நாளைக் காலை வெயில் ஏறும்வரை நேரம் தருகிறேன், பேச வேண்டியதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றான்.

அன்று மாலை ஊர் முழுக்க யோசித்தது. சொல்லி அனுப்ப வேண்டியவை பலருக்கு இருந்தன. ஆனால் கடைசிப் பாட்டு யாருடையது என்பதில் யாரும் போட்டி போடவில்லை. காலையில் பாறையில் நாற்பத்தெட்டு பேர் கூடினார்கள். நஞ்சம்மா எழுந்து நின்றாள். ஒரு வருஷமாக அவனுக்கு எல்லாம் பாடி அனுப்பியிருந்தாள். ஆடு குட்டி போட்டது, கூரை மாற்றியது, அவன் அம்மாவுக்குக் கண் தெரியாமல் போனது. அவன் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பதில் அனுப்பவில்லை.

"நான் சிரிச்சது தப்புன்னு சொல்லணும்," என்றாள். "தனியா சொன்னா கல்லு எடுக்காது. நீங்கல்லாம் என்கூட சேந்து சொல்லணும்."

செய்யாத தப்புக்கு நாங்கள் ஏன் சொல்ல வேண்டும் என்று யாராவது கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். மாரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நானுந்தான் சிரிச்சேன். கூடப் பொறந்தவன பாத்து சிரிச்சேன்," என்றாள். திம்மராயன் தானும் சிரித்ததாகச் சொன்னான். எண்ணிப் பார்த்ததில், அன்று ஊரில் இருந்த அத்தனை பேரும் சிரித்திருந்தார்கள். அப்போது மலைப்பாதையில் கோவிந்தப்பன் ஆர்மோனியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தானே சுமந்துகொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தார். பாறையில் இடம் தேடி, மாரம்மாவின் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல சொன்னவன் நானு," என்றார். "நானே ஆரம்பிக்கறேன்."

"சிரிச்சது தப்பு, சிரிச்சது தப்பு,
ஏறி வாய்யா மேலே."

ராவிய ஆர்மோனியம் மலையின் சுருதியில் முழங்க, நாற்பத்தொன்பது பேரும் இதைப் பாடினார்கள். ராமப்பனின் ஆட்கள் துளைகளில் வெடிமருந்து கெட்டித்துக்கொண்டே தலையை ஆட்டினார்கள். பாடி முடித்துவிட்டு எல்லாரும் இறங்கி ஏரிக்கரைவரை போய் நின்றார்கள். ராமப்பன் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து, இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டு குனிந்தான். குனிந்தபடியே ரொம்ப நேரம் இருந்தான். பிறகு ஒரு விரலை எடுத்துப் பார்த்தான். பாறையிலிருந்து புகை எழுந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. மேலே மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையைக்கூடத் தூக்கவில்லை. பாறை நின்ற இடத்திலேயே நின்றது, துளைகளின் வாய் மட்டும் கறுத்திருந்தது. மருந்து நமுத்துவிட்டது, வேறு மருந்து கொண்டுவரும்வரை யாரும் பாறைமேல் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டு ராமப்பன் ஓசூருக்குப் போனான். மருந்து நமுக்கவில்லை. நன்றாகவே வெடித்திருந்தது. சத்தம் கல்லுக்குள் போயிருந்தது, அவ்வளவுதான்.

நாலாம் நாள் கோலாரில் பாட்டு முதலில் வந்தது. கரியப்பன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கேட்டான். ஏறி வாய்யா மேலே என்று மூன்றாம் தடவை வந்தபோது கூட இருந்தவர்கள் அவன் முதுகைத் தட்டினார்கள். பாட்டு நின்று கொஞ்ச நேரத்தில் சுவருக்குள் வேட்டுச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து மண் கொட்டியது, விளக்குகள் ஆடின, ஒருவருக்கும் அடி படவில்லை. தூசி அடங்கியதும் அவன் காதைச் சுவரில் வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் வைத்திருந்தான். பாறையும் போய்விட்டது, அதன்மேல் உட்கார்ந்து பாடியவளும் போய்விட்டாள் என்று அவனுக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. கூண்டில் மேலே வந்தான், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, உடுப்பை மாற்றவில்லை, தலையில் இருந்த சுரங்க விளக்கைக்கூடக் கழற்றாமல் ரயிலேறினான். மாலூரிலிருந்து நடந்து, மறுநாள் உச்சி வெயிலில், தலையில் விளக்கு எரிந்தபடி பண்டேகுறுக்கிக்குள் வந்தான். நாய்கள் குரைக்காமல் ஒதுங்கின.

நஞ்சம்மா மலையடியில் புளிய மர நிழலில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து எதிரே நின்றான். எட்டு வருஷத்தில் அவன் தலை நரைத்திருந்தது, அதில் பாதி கல் தூசி.

"நீ சாவலியா?" என்றான்.

"நான் எதுக்கு சாவணும்?"

"வேட்டு சத்தம் கேட்டுச்சே."

"எங்களுக்கு கேக்கல."

அவன் திரும்பிக் கிழக்குப் பாறையைப் பார்த்தான். அது இருந்தது. உடைத்த ஜல்லிக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "பாட்டு வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு." வாயைத் துடைத்தான். "கோவிந்தப்பரு ஒரு எடத்துல சுருதி விட்டுட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்து அடக்கினாள், தோள் குலுங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிம்மே," என்றான். "மாலூர்ல இருந்து நீ செத்துட்டன்னு அழுதுக்கினு வந்திருக்கறேன். நல்லா சிரி."

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு தலையிலிருந்த விளக்கை அணைக்கச் சொன்னாள். ஏரிப்பக்கம் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் மூன்று வயல் தாண்டி அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, கரியப்பன் வந்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

அவன் வந்த மூன்றாம் நாள் ராமப்பன் புது மருந்தோடு வந்தான். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் மேற்குப் பக்கம் ஒரு மர நிழலில் உட்கார்ந்து களியைப் பிட்டு வாயில் வைத்தபோது, பழைய வேட்டுச் சத்தம் கோலார்வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. எட்டு நாள் பயணத்தில் அது கொஞ்சமும் குறையவில்லை. கிழக்குப் பாறை அதற்கு வழிவிட்டது, மேற்குப் பாறைக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் அது பிளந்தது. கோடு போட்டு அறுத்த மாதிரி, அணைக்கு என்ன அளவு வேண்டுமோ அதே அளவில் கற்கள் சரிந்து பாதையோரம் அடுக்காக நின்றன. ராமப்பன் களியை முழுங்கிவிட்டு, எழுந்துபோய், ஒரு கல்லை அளந்து பார்த்தான். இரண்டு லாரிகளும் ஒன்றரை மாதம் ஓடின. கிழக்குப் பாறையைப் பற்றி அவன் அப்புறம் பேசவில்லை. ஊரைக் கடக்கும்போதெல்லாம் லாரியை நிறுத்தி, பேரிகையில் இருந்த தன் மாமியார் கோலாருக்குப் போன மகனைப் பற்றிக் கேட்டாள் என்று ஏதாவது சொல்லி, இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போனான்.

கரியப்பன் கோலாருக்குத் திரும்பவில்லை. அடுத்த ராமநவமிக்குப் பஜனைக் கோயில் உள்ளே இடம் போதாது என்று கோவிந்தப்பன் சொன்னார். அன்றுவரை உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு இடம் போதும், வெளியே நின்றவர்களையும் சேர்த்தால்தான் போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். ராமர் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்குப் பாறையில் வைத்துப் பாடினார்கள், இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் பஜனை கோலார்வரை போனது. எது எந்த ராஜ்யத்துக்குச் சொந்தம் என்று கணக்கெடுத்த காலத்தில் ஒரு குமாஸ்தா வந்து, இந்த ஊர் என்ன மொழி பேசும் என்று கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் பாறை பாடிக்கொண்டிருந்தது, முதல் வரி தெலுங்கில், இரண்டாம் வரி கன்னடத்தில், எருமையைப் பற்றிய வரி தமிழில். பென்சிலால் எதையோ எழுதினார், அழித்தார், மோர் குடித்துவிட்டுப் போனார். 1956இல் ராஜ்யங்களைப் பிரித்து எல்லை போட்ட பிறகும் பாட்டு நாலு நாளில்தான் போய்ச் சேர்ந்தது.

1958 ஐப்பசியில், அடைமழை விட்ட ஒரு காலையில், கிழக்குப் பாறையிலிருந்து புதிதாக ஒரு பாட்டு வந்தது. கோலார் ஆட்களின் குரல் இல்லை. பெண்களும் ஆண்களும் நிறையப் பேர் பாடினார்கள், இரண்டு வரிக்கு நடுவில் எதையோ சேர்ந்து இடிக்கும் சத்தம் கேட்டது. மொழி தெரியவில்லை. கரியப்பன் சுரங்கத்தில் பத்து ஊர் ஆட்களோடு வேலை செய்தவன். அவன் அறிந்த எந்த மொழியும் இல்லை என்றான். கோவிந்தப்பன் ஆர்மோனியத்தை அழுத்திப் பார்த்தார், சுரம் மயிரிழை விலகாமல் மலையோடு நின்றது. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது மரியாதை இல்லை என்பதால், நாங்கள் பண்டேகுறுக்கி, இங்கே மழை பெய்தது, ராகி விளைந்தது என்று ஊர் கூடிப் பாடி அனுப்பியது. எட்டு நாளில் பதில் வரவில்லை. பதினாறு நாளில் வரவில்லை. மார்கழி முதல் வாரத்தில், நாற்பத்தாறாம் நாள் வந்தது. ஒன்றும் புரியாத அந்தப் பாட்டின் நடுவில் ஒரு சொல் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. "பந்தேகுருக்கீ" என்று இழுத்து, மூன்று தடவை பாடினார்கள்.

ஊர்ப்பேரை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்றார் கோவிந்தப்பன். சுருதி சரியாக இருக்கிறதே என்றான் கரியப்பன்.

"இம்மாந்தூரத்துல இருந்து பேர் சொல்லிக் கூப்புடறாங்க," என்றாள் நஞ்சம்மா. "அங்க மழ உண்டா, ஆடு மாடு சொகமான்னு கேப்பம்."

அவள் எடுத்துக் கொடுக்க எல்லாரும் கேட்டார்கள். பாட்டு உள்ளங்காலுக்கு அடியில் இறங்கி எங்கோ புறப்பட்டுப் போனது. பதில் வர இன்னும் நாற்பத்தாறு நாள் இருந்ததால், சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.